ஒன்பதாம் பாடத்து வாத்தியார்

சாக்பீஸை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கையிலும் மறுபாதியைச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டுதான் சரித்திர வாத்தியார் வகுப்புக்குள் காலெடுத்து வைப்பார். "பாதிச் சண்டையில சாக்பீஸ் தீர்ந்துபோச்சுன்னா ராஜா என்ன பண்ணுவாரு? கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரா?" என்று கேட்பார். அதனால் அவருடைய சட்டைப் பைகள் எல்லாமே வெளுத்து, அடியில் ஓட்டை விழுந்து, தையல் போட்ட இடத்திலேயே மறுபடியும் தையல் வாங்கியவை. துவைக்கிற அவர் மனைவிக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். "எங்க வீட்டுக்காரர் பாடம் நடத்தப் போறாரா, சுவத்துக்கு வெள்ளையடிக்கப் போறாரான்னே எனக்குப் புரியலை" என்று ஒரு நாள் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

கையில் சாக்பீஸ் என்றால் கக்கத்தில் குடை. கறுப்புக் குடை, வளைந்த மரப் பிடி. அதை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. நல்ல மழையில் தலை நனைய நனைய, குடையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வருவார். "ஏன் சார், குடை எதுக்கு இருக்கு?" என்றால், "நனைஞ்சா கம்பி துருப்பிடிச்சுடும்மா. நாளைக்குப் படையெடுப்பு இருக்கு" என்பார். வகுப்பில் அந்தக் குடைதான் வாள், அதுதான் செங்கோல், அதுதான் கப்பலின் பாய்மரம். தரையில் வைத்து இழுத்தால் ஆறு. நாற்காலியில் சாய்த்து வைத்தால் அரியணையில் உட்கார்ந்திருக்கும் ராஜா. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் குடைராஜா. அது அவருக்கும் தெரியும். பட்டப்பெயர் வைக்கும்போதும் பட்டம் கட்டித்தானே வைத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொள்வார்.

அவருடையது ஏழாம் அறை. அடுத்த அறை கணக்கு டீச்சருடையது. இடையில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அதனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது டீச்சர் வாசலில் வந்து நிற்பார். "சார், உங்க யானை என் கணக்கை மிதிச்சுடுது. கொஞ்சம் கட்டிப்போடுங்க." ஆசிரியர் அறையிலும் அந்த அம்மா விடுவதில்லை. "ராஜா எந்த வருஷம் செத்தார்னு உங்க பசங்களைக் கேட்டா முழிக்கறாங்க. எப்படிச் செத்தார்னு கேட்டா தொபுக்குன்னு விழுந்து காட்டறாங்க. பரீட்சைப் பேப்பர்ல எப்படி சார் விழுந்து காட்டுறது?" வாத்தியார் டீக் கோப்பையை வைத்துவிட்டு, "விழத் தெரிஞ்சவன் எழுந்திருக்கவும் தெரிஞ்சுக்குவான் டீச்சர்" என்பார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பின் மீதியை ஏழாம் அறை வராந்தாவில்தான் நான் படித்தேன். அங்கே வந்ததும் துடைப்பம் தானாக மெதுவாகிவிடும்.

அவர் பேர் கூப்பிட்டு வருகை எடுப்பதில்லை. பெஞ்சுகளை ஒரு தடவை கண்ணால் தடவுவார். காலியாக இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, "உன் பக்கத்து ராஜ்ஜியம் இன்னைக்கு எங்கடா?" என்பார். "ஜுரம் சார்." "ஜுரம்னா சாயந்திரம் போய்ப் பார்த்துட்டு வா. ஜுரத்தை லேசா நினைக்கக் கூடாது." ஜுரம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் குரல் மாறும். வயிற்றுவலி என்று சொல்லி வராமல் இருந்தவனுக்கு இந்த மரியாதை கிடைக்காது.

நானும் அவரும் ஒரே மார்க்கம்தான். பள்ளி வாசலுக்கு வெளியே என்னைப் பார்த்தால் மெல்லிய குரலில் ஸலாம் சொல்வார். வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின் பார்த்தால், "வணக்கம்மா" என்பார். ஒரே காலையில் இரண்டும் கிடைத்த நாட்கள் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்த் திரும்பும்போது, கேட்டுக்குப் பத்தடி முன்பே தொப்பியைக் கழற்றி நாலாக மடித்துப் பையில் வைத்துவிடுவார். சாக்பீஸும் தொப்பியும் ஒரே பையில்தான். தொப்பி வெள்ளை என்பதால் வித்தியாசம் தெரியாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஏழாம் அறையின் பின்சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ நிற்கிறது. உள்ளே கிழிந்த தேசப்படங்கள், கால் உடைந்த ஒரு பூமி உருண்டை. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அசையும். வருஷா வருஷம் வெள்ளையடிக்க ஆட்கள் வரும்போது, அன்றைக்கு லீவாக இருந்தாலும் வாத்தியார் வந்து நின்றுவிடுவார். "பீரோவை நகத்த வேணாம்பா. பின்னாடி யாரு பாக்கப் போறாங்க? சுத்தி அடிச்சுட்டுப் போ." அவர்களுக்கும் வேலை மிச்சம். ஒருமுறை அதன் பின்னால் எலி செத்து நாறியது. நான் துடைப்பத்தை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய காரைச் சுவர். அதில் ஆணியால் கீறியது போல் சின்னச் சின்னக் கோடுகள், சீப்பின் பற்களைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக, நாலைந்து இடத்தில். "அங்க என்னம்மா பாக்கறீங்க? ஒட்டடைதான் இருக்கும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எலியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சரித்திரப் புத்தகத்தில் ஒன்பதாம் பாடம் இரண்டரைப் பக்கம். இந்த ஊர் முஸ்லிம்கள் கப்பலில் எப்படி வந்தார்கள், என்ன விற்றார்கள், யாரிடம் வேலை பார்த்தார்கள், எந்த அச்சுக்கூடத்தை நிறுவினார்கள் என்று முதல் இரண்டு பக்கம். அதன்பின் ஒரு வரி: 'இடையில் சில கசப்பான நிகழ்வுகள் நடைபெற்றன, பின்னர் அனைவரும் ஒற்றுமையுடன் வாழ்ந்தனர்.' அவ்வளவுதான். கீழே ஒரு கப்பல் படம்.

அந்தப் பாடத்தன்று குடை வேலை செய்யாது. அதை ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுவார். புத்தகத்தை வகுப்புத் தலைவியிடம் கொடுத்து, "வாசிம்மா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்பார். அவள் வாசிக்க வாசிக்க, முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி நிற்பார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. ஒரு தண்ணீர்க் குழாய், அதன் கீழே பாசி பிடித்த கல். பதினைந்து நிமிஷத்தில் பாடம் முடிந்துவிடும். "சரி, பத்தாம் பாடத்தைத் திறங்க." குடை கம்பியிலிருந்து இறங்கிவிடும். அடுத்த நிமிஷமே யாரோ ஒரு ராஜா ஆற்றைத் தாண்டிக்கொண்டிருப்பார். நாலு நாள் தாண்டுவார்.

காரணத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் கணக்கு டீச்சர் பிடுங்கி எடுத்ததால். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இந்தப் பாடத்தையும் குடையோடுதான் நடத்தியிருக்கிறார். இரண்டு நாள். மேசையைக் கப்பலாக்கி, குடையை நட்டு வைத்து, பிள்ளைகளைத் துடுப்புப் போட வைத்து. மூன்றாம் நாள் ஒரு பெற்றோர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்: தன் ஆட்களைப் பற்றி மட்டும் இரண்டு நாள் பாடம் நடத்துகிறார், பிள்ளைகளின் மனதை மாற்றுகிறார். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் விளக்கக் கடிதம் கேட்டார். இனி கவனமாக இருப்பேன் என்று இவரும் எழுதிக் கொடுத்தார். "அன்னைலேர்ந்து கவனமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்த எல்லாப் பாடத்துக்கும் நான் வாத்தியார், டீச்சர். இந்த ஒண்ணுல மட்டும் நானே பாடமாயிடறேன். என்னை நானே எப்படி நடத்துறது?"

டீச்சர் எழுந்து போய் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

தையற்காரரின் மகள் அந்த வகுப்பில்தான் படித்தாள். முதல் பெஞ்சின் ஓரம் அவள் இடம். எந்நேரமும் சட்டைக் கையில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் அப்பாவின் கடை. வாத்தியாருடைய சட்டைப் பைகளுக்கு மருத்துவர் அவர்தான். சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வழியில் வாத்தியார் நின்று, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு உட்கார்ந்திருப்பார். இந்தப் பெண் பாடத்தை எழுதிக்கொண்டே, "சார், பையை ரெட்டைத் துணியில வச்சுத் தைக்கச் சொல்லட்டுமா?" என்பாள். கூலியை அவர் நீட்டுவதும் தையற்காரர் தள்ளுவதும் தினசரிக் கூத்து.

போன வருஷம் ஒன்பதாம் பாடத்தன்று, தலைவி வாசித்து முடித்ததும் இந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், அந்தக் கசப்பான நிகழ்வு என்ன சார்?"

வாத்தியார் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. "பரீட்சைக்கு வராதும்மா. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்டாள்.

பரீட்சைக்கு வந்தது. பொதுத் தேர்வில், கட்டாயம் எழுத வேண்டிய பத்து மதிப்பெண் கேள்வி: 'உங்கள் ஊர் முஸ்லிம் மக்களின் வரலாற்றையும் அவர்கள் பெற்ற அனுபவங்களையும் விளக்குக.' முடிவுகள் வந்த அன்று ஆசிரியர் அறையில் டீ ஆறிப்போனது. "பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல எல்லாம் பசங்க எட்டு, ஒன்பது வாங்கியிருக்காங்க" என்று கணக்கு டீச்சர் தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "நம்ம வகுப்புலதான் ஒருத்தரும் மூணைத் தாண்டலை. எந்தப் பாடத்துல பாருங்க சார், உங்க…" என்று ஆரம்பித்தவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தப்பாகச் சொல்ல நினைக்கிற மனசு இல்லை அந்த அம்மாவுக்கு. வாய்தான் முந்திக்கொள்ளும்.

மூன்று வாங்கியவர்கள் மற்றவர்கள். தையற்காரரின் மகளுக்குப் பூஜ்யம்.

அவள் அந்தக் கேள்விக்கு நாலு பக்கம் எழுதியிருந்தாள். நகரத்தில் அரசு நடத்தும் பெரிய பள்ளியில், தங்கிப் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்க வேண்டியது. நாலு மதிப்பெண்ணில் போய்விட்டது. தையற்காரர் தேர்வு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து விடைத்தாளின் நகலை வாங்கிக்கொண்டு, பள்ளி விட்ட நேரத்தில் ஏழாம் அறைக்கு வந்தார். நான் பெஞ்சுகளுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கழற்றி வைக்கக்கூடத் தோன்றாமல் கடையிலிருந்து எழுந்து வந்திருக்கிறார்.

"உக்காருங்க பாய்."

"உக்கார நேரமில்லை சார். இதைப் படிச்சுப் பாருங்க. எம்பொண்ணு என்ன பொய்யா எழுதியிருக்கா?"

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதலில் மனதுக்குள்தான் படித்தார். பிறகு, தன்னை அறியாமல், உதடு அசைந்து சத்தம் வர ஆரம்பித்தது.

'ஆற்றோரத் தெரு இரண்டு நாள் எரிந்தது. இருபத்து மூன்று கடைகளும் அவற்றின் பின்னால் இருந்த வீடுகளும் போயின. எங்கள் பள்ளியின் ஏழாம் அறையில் பதினான்கு குடும்பங்கள் பதினோரு மாதம் தங்கியிருந்தன. சேலைகளைக் கட்டி வீடு பிரித்தார்கள். ஒரு சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. எல்லோருக்கும் ஒரே குழாய். என் தந்தைக்கு முன்பல் விழுந்தது இந்த அறையில்தான். காய்ச்சலில் நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். பாடப்புத்தகத்தில் கசப்பான நிகழ்வுகள் என்று இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.'

அதன் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: பாடநூலில் இல்லை.

"மறுபடி திருத்தச் சொல்லி மனு போடலாமாம் சார். எழுதினது உண்மைதான்னு பாடம் நடத்தின வாத்தியார் எழுதிக் கொடுக்கணுமாம். ஆதாரம் இருந்தா சேர்க்கணுமாம்."

வாத்தியார் தாளை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் டஸ்டரை வைத்தார். காற்று இல்லை.

"நீங்க இங்க இருந்தவர்தானே சார்? எனக்கு அப்ப ஆறு வயசு, உங்களுக்கு ஒன்பது. நாம அந்தக் குழாயடியில அடிச்சுக்கிட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க தங்கச்சியைக் கடைசியா குளிப்பாட்டினது எங்கம்மாதான்." அதன்பின் அவர் பேச்சில் சார் போய்விட்டது. "அண்ணே, உங்க வாப்பா மாசா மாசம் புள்ளைங்களை நிக்கவச்சு, சுவத்துல ஆணியால உயரம் கீறுவாரே. இங்க இருந்து வெளியே போற நாளை எண்ணி மனசு நொந்துக்கறதுக்குப் பதிலா, புள்ளைங்க வளர்றதைப் பாருங்கன்னு பொம்பளைங்ககிட்ட சொல்வாராமே. அந்தச் சுவத்தையே படம் எடுத்து வச்சுடலாமே அண்ணே. என் கோடும் அதுல இருக்கணுமே."

பீரோ அங்கேதான் நின்றுகொண்டிருந்தது, மூவருக்கும் கை நீட்டினால் எட்டும் தூரத்தில். எலியைத் தேடிய அன்று நான் பார்த்த சீப்புப் பற்கள் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எத்தனை தடவை வெள்ளையடிச்சாச்சு பாய்" என்றார் வாத்தியார். "இப்ப எங்க இருக்கப் போகுது."

சொல்லும்போது அவர் தையற்காரரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் குனிந்து, ஏற்கெனவே பெருக்கிய இடத்தை மறுபடி பெருக்கினேன்.

"அப்ப நீங்க எழுதிக் கொடுங்கண்ணே. உங்க வாயால வந்தா போதும்."

"எழுதறேன். நாளைக்குக் காலையில வாங்கிக்கங்க."

அன்று அவர் இருட்டுகிற வரை மேசையில் உட்கார்ந்து எழுதினார். மறுநாள் காலை குப்பைக்கூடையில் மூன்று கசங்கிய தாள்கள் கிடந்தன. அடுத்தவர் எழுத்தைப் பிரித்துப் படிப்பது தவறு. படித்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். முதல் தாளில், 'அந்த அறையில் நானும் இருந்தேன்' என்பதோடு நின்றிருந்தது. இரண்டாவதில், 'அந்த அறையில் இருந்தவர்களை நான் அறிவேன்.' மூன்றாவதில் அதுவும் அடிக்கப்பட்டு, 'அப்பகுதியில் அவ்வாறு நடந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்' என்று வந்திருந்தது. அதைத்தான் நல்ல தாளில் எடுத்தெழுதிக் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் வைத்துக் கொடுத்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துடைப்பம் பிடித்த என் கைக்கும் அந்தச் சுவர் தெரியும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கேள்விப்பட்ட செய்திகளை ஆதாரமாக ஏற்க இயலாது, மதிப்பெண்ணில் மாற்றமில்லை. தையற்காரர் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, "அல்லாஹ் நாடலை சார், அவ்வளவுதான். உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லை" என்றார். மறுபடி சார் ஆகிவிட்டிருந்தார் வாத்தியார். மனிதர்கள் செய்யாமல் விட்டதையெல்லாம் அவன் தலையில் ஏற்றுகிறோமே என்று எனக்கு அன்றைய தொழுகை முழுக்க உறுத்தியது. கையேந்தி அந்தப் பெண்ணுக்காகக் கேட்கப் போனால், நாக்கில் சொல் வரவில்லை. வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காத வாய் அது.

அதன்பின் வாத்தியாருடைய வழி மாறிவிட்டது. தையற்கடை இருக்கும் தெருவை விட்டு, சந்தைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கால் மணி நேரம் அதிகம். சட்டைப் பைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து தொங்க ஆரம்பித்தன. ஓட்டை வழியாகச் சாக்பீஸ் துண்டுகள் விழும். அவர் எந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று வராந்தாவில் கிடக்கும் துண்டுகளை வைத்தே சொல்லிவிடலாம். அவர் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. "தையற்கடை கால்ல இடிக்கற தூரத்துல இருக்கு, இவருக்கு என்ன வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். தெரியலைக்கா என்றேன். பொய் சொல்லப் பழகிவிட்டால் அடுத்தது சுலபமாக வருகிறது.

நான் ஒரு நாள் அந்தக் கடைப் பக்கம் போனேன். இரண்டாவது மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அதில் அவள் உட்கார்ந்து பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"சார் நல்லா இருக்காங்களாம்மா?"

"இருக்காரும்மா."

"பையெல்லாம் கிழிஞ்சிருக்குமே. இந்நேரத்துக்கு ரெண்டு சட்டையாவது போயிருக்கும். குடுத்தனுப்பச் சொல்லுங்க, ரெட்டைத் துணி வச்சுத் தர்றேன்."

கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் குரலில் அது இல்லை. மறுபடி காலை மிதியில் வைத்துவிட்டாள். மறுநாள் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் குனிந்து தன் பையைப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டு வெளியே எடுத்தார். "கிழியட்டும்மா" என்றார்.

போன வாரம் ஒன்பதாம் பாடம் வந்தது. அவருக்கு இதுதான் கடைசித் தடவை. முதல் பெஞ்சின் ஓரத்தில் இந்த வருஷம் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வழக்கம்போல் குடையை ஜன்னல் கம்பியில் மாட்டினார். வழக்கம்போல் புத்தகத்தைத் தலைவியிடம் கொடுத்தார். வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கப்பல் வந்தது, வியாபாரம் நடந்தது, அச்சுக்கூடம் வந்தது. தலைவி அந்த வரிக்கு வந்தாள்.

"இடையில் சில கசப்பான நிகழ்வுகள் நடைபெற்றன, பின்னர் அனைவரும்…"

"மறுபடி படிம்மா."

அவள் படித்தாள்.

"மறுபடி."

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று அந்தப் பிள்ளை வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் படித்தாள். வாத்தியார் திரும்பினார்.

"போதும். புத்தகத்தை மூடு." அப்புறம் வராந்தாவைப் பார்த்து, "அம்மா, உள்ள வாங்க. இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பீரோ முதலில் மசியவில்லை. பிறகு தரையைக் கீறிக்கொண்டு, காது கூசுகிற சத்தத்தோடு நகர்ந்தது. உள்ளே பூமி உருண்டை உருண்டது. அடுத்த அறையிலிருந்து கணக்கு டீச்சர் வந்து வாசலில் நின்று, "என்ன சார், இன்னைக்கு யானைக்கு மதம் பிடிச்சுடுச்சா?" என்றவர், சுவரைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டார்.

நாற்பத்தெட்டு வருஷத்து ஒட்டடையை நான் முந்தானையால் துடைத்தேன். சுற்றிலும் பளிச்சென்று வெள்ளை. நடுவில் பீரோ அளவுக்கு ஒரு பழுப்புச் சதுரம். அதில் ஐந்து வரிசை. நாலு வரிசையில் கோட்டுக்கு மேல் கோடு, நெருக்கமாக, பதினொன்று.

பிள்ளைகள் பெஞ்சைத் தாண்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"சார், இது என்ன சார்?"

"உயரம்" என்றார். அவருடைய வகுப்புக் குரல் இல்லை அது. "இந்த ரூம்ல இருந்த புள்ளைங்களோட உயரம். வீடு எரிஞ்சு வந்தவங்க." ஒரு வரிசையைத் தொட்டார். "இது தையற்கடை பாய். உங்க யூனிஃபார்ம் எல்லாம் தைக்கிறாரே, அவரு." அடுத்ததைத் தொட்டார். "இது நான்."

பிள்ளைகள் அந்தக் கோட்டையும் அவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் குனிந்து, ஓரத்தில் இருந்த கட்டையான வரிசையை விரலால் எண்ணினான்.

"சார், மத்த எல்லாத்துலயும் பதினொண்ணு இருக்கு. இதுல மூணுதான் இருக்கு. இது யாரு சார்?"

ஜன்னல் கம்பியில் குடை அப்படியே தொங்கியது. வாத்தியார் போய் அந்த வரிசைக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். மூன்றாவது கோடு அவர் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. சாக்பீஸ் பிடித்த கையைத் தாழ்த்தி, துண்டை நழுவவிட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்து அந்தக் கோட்டின்மேல் வைத்தார், பக்கத்தில் நிற்கிற ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் வைப்பதுபோல. மணி அடித்த பிறகும் எடுக்கவில்லை.